லீஸ்பெத்தின் கல்யாண வண்டியை நான் பூட்டிய விதம்

க்ரோனிங்கன்,
வெள்ளிக்கிழமை இரவு

பெருமதிப்பிற்குரிய ஹார்ம் மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா உங்கள் சொந்த அக்காதான், இருந்தாலும் அவளிடமும் காட்டாதீர்கள். படித்து முடித்ததும் படகு அடுப்பில் போட்டுவிடுங்கள். அடுப்பு எரியவில்லை என்றால் முதலில் அதை மூட்டிவிட்டுப் பிறகு படியுங்கள், ஏனென்றால் நீங்கள் எதையும் அப்புறம் செய்கிறேன் என்று மேசை மேல் வைப்பவர்.

தாங்களும் தங்கள் படகும் எங்கும் ஒழுகாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, லீஸ்பெத் அக்கா மூவரும் சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, பயம். இரவானால் எல்லோருடைய கைபேசியும் அம்மாவின் கூடைக்குள் போய்விடும், உங்களிடமோ கைபேசியே கிடையாது. அதனால் போர்வைக்குள் சைக்கிள் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விடிந்ததும் ஓடி வந்து உங்கள் படகுக் கதவின் கீழே தள்ளிவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், தாள் முழங்கால் மேல்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். நாளைக் காலை அக்காவை மணப்பெண் கோலத்தில் உட்காரவைத்து கல்யாணம் பதிவாகும் நகர மன்றம் வரை நான் மிதித்துக்கொண்டு போக வேண்டிய, முன்னால் ஆள் உட்காரும் அளவுக்குப் பெட்டி வைத்த நம் ஆரஞ்சு சைக்கிள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தொலைத்தது நான். வீட்டில் யாருக்கும் தெரியாது. டியூக்கே வீட்டுக் கொட்டகையில் வைத்து இரகசியமாக அலங்காரம் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். டியூக்கே என் வகுப்புத் தோழி. அவள் வீட்டில் கொட்டகையே கிடையாது, அவர்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். அப்பா இதை யோசிக்க ஆரம்பிப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

பெண் வீட்டுக் காபிக்கு நீங்கள் வரவில்லை, அதனால் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியாது. அன்று மாப்பிள்ளை யெல்மரின் அம்மா கொர்ரி, ரோல்டே கிராமத்திலிருந்து தன் பெரிய வெள்ளைக் காரில் வந்தார். வந்தார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். எங்கள் தெருவுக்கு வழி கிடைக்காமல், ஒருவழிப் பாதைகளில் மாட்டி, ஊரை விட்டே வெளியே தள்ளப்பட்டு, வட்டச் சாலையில் பாதி ஊரைச் சுற்றி, மறுபக்கமாக நுழைந்து, காபி ஆறிப்போன பிறகு முகமெல்லாம் சிவந்து வந்து சேர்ந்தார்.

"என்னங்க ஊர் இது! கண்ணுக்கு நேரா கோபுரம் தெரியுது, கிட்டப் போக வழியில்ல!"

அப்பாவுக்கு அன்று பிறந்தநாள் மாதிரி சந்தோஷம். "சைக்கிள்ல வந்திருந்தா ஒரு பாட்டு பாடி முடிக்கறதுக்குள்ள வந்திருக்கலாம், சம்பந்தி."

"சைக்கிள் எல்லாம் படிக்கிற பசங்களுக்குங்க. எனக்கு முதுகெலும்பு ஒண்ணுதான் இருக்கு."

அம்மா ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள். சண்டை வருவதற்கு முன்னால் அவள் எப்போதும் டப்பாவை மூடிவிடுவாள். அப்பா எழுந்து நின்று, "எம் பொண்ணு கல்யாணத்துல ஒரு சொட்டு பெட்ரோல் எரியாது. அவ எங்க வீட்டுப் பெட்டி சைக்கிள்லதான் போவா" என்று அறிவித்தார்.

"மழை பெஞ்சா?"

"நம்மளை என்ன சர்க்கரையிலயா செஞ்சிருக்கு, கரைஞ்சு போறதுக்கு?"

"நீங்க கரைய மாட்டீங்க. அவ தலை அலங்காரம் கரையும்."

கடைசியில் இப்படி முடிவானது. அக்கா பெட்டி சைக்கிளில் போவாள். ஆனால் ஏதாவது ஒரு தடங்கல், ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும், கொர்ரி அம்மாவின் கார் வாசலில் தயாராக நிற்கும். "நான் டேங்கை நிரப்பியே வெச்சிருப்பேன்" என்று அவர் சொன்னபோது குரல் தேன் மாதிரி இருந்தது. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

அப்பாவே மிதிப்பதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதே, அதனால் அக்கா என்னைத் தேர்ந்தெடுத்தாள். "அப்பா மிதிச்சா வழி முழுக்கப் போற வர்றவங்ககிட்ட எல்லாம் பேசிட்டு வருவார். ஃபென்னா வாயை மூடிட்டு ஓட்டுவா" என்றாள். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் சொன்னதிலேயே நல்ல வார்த்தை இதுதான். அப்பா அரை நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, சங்கிலிப் பூட்டின் சாவியை என் கையில் வைத்தார். "இனிமே இது உன் பொறுப்பு" என்றார். பழைய சாவி கால்வாயில் மூழ்கிப்போனதால் இந்தச் சாவியில் ஒரு பெரிய தக்கையைக் கட்டியிருக்கிறார். விழுந்தால் மிதக்கும். படகுக்காரர்கள் செய்வது போல. உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன், ஆகவே நடந்ததில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அவர் திட்ட மாட்டார். திட்டினால் தேவலை. பேச்சை நிறுத்திவிடுவார். போன முறை நான் அவருடைய காற்றடிக்கும் பம்பை மழையில் போட்டுவிட்டபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உப்பை அம்மா மூலமாகக் கேட்டார். அது பம்ப். இது கல்யாணம்.

இன்று பள்ளி விட்டதும் பெட்டிக்குள் விரிக்கும் மெத்தையை வாங்கிவரப் போனேன். தைப்பவர் கடை 'ஆ' என்னும் கால்வாய்க்கு அந்தப் பக்கம். மீன் சந்தையில் காய்கறி, பூ, பாலாடைக்கட்டி என்று வெள்ளிக்கிழமைக் கூட்டம், பெட்டி சைக்கிளோடு அதற்கு மேல் நுழைய முடியாது. சந்தை ஓரத்தில் சைக்கிள்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. எல்லாம் கறுப்பு, எல்லாம் கிழடு, உங்களுக்குத் தெரியாததா? நான் வண்டியை நுழைத்தேன், குனிந்தேன், ஒரு கறுப்புக் குழாய் தெரிந்தது, ஸ்டாண்டுக் கம்பி என்று நினைத்தேன், சங்கிலியை அதைச் சுற்றி வண்டிச் சட்டத்தோடு போட்டு அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தேன்.

ஆ-பாலத்துக்கு வந்தால், பாலம் தூக்கியிருக்கிறது. ஏதோ ஒரு படகு ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். சும்மா நிற்கும்போது கை சும்மா இருக்குமா? சாவிக் கயிற்றை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தேன். எல்லோரும்தான் சுற்றுகிறார்கள். என்னுடையது மட்டும் பறந்தது.

மிதந்தது, மாமா. அப்பாவின் தக்கை அவ்வளவு அருமையாக வேலை செய்தது. மூழ்கியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அது வெயிலில் நிமிர்ந்து நின்றுகொண்டு, உல்லாசப் பயணம் போவது போல வடக்கே மிதந்தது, நான் கரையோடு ஓடினேன். மாணவர்கள் சிலர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஓடு தங்கச்சி, தக்கை முந்துது!" என்று கத்தினார்கள். உங்கள் துறைமுகம் வரை ஓடினேன். கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபோது ஒரு நாமக்கோழி வந்தது. அலகால் தக்கையைக் கவ்வியது. இழுத்துக்கொண்டு போய் உங்கள் படகுக்கும் பக்கத்துப் படகுக்கும் நடுவே டயர் மேல் கட்டியிருக்கிறதே, அந்தக் கூட்டில் உறிஞ்சுகுழல்களுக்கும் சிப்ஸ் பைக்கும் இடையில் ஒழுங்காகச் செருகியது. அப்புறம் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. முட்டை இருக்கிறது. 'கூட்டைத் தொடாதே' என்று பலகை எழுதி வைத்திருப்பவர் நீங்கள்தான். உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன், படகில் நீங்கள் இல்லை. பறவை என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. அதற்குப் பிறகு நான் முயற்சி செய்யவில்லை.

சரி, வண்டியாவது இருக்கிறது, சங்கிலியை எப்படியாவது அறுத்துக்கொள்ளலாம் என்று மீன் சந்தைக்குத் திரும்பினேன். நான் நிறுத்திய இடத்தில் ஒரு வண்டி அகல வெற்றிடம். பக்கத்தில் ஹெர்ரிங் மீன் விற்கும் வுப்போ மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க ஒரு ஆரஞ்சுப் பெட்டி வண்டி நின்னுதே?"

"அதுவா? போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா? பூட்டியிருந்தேனே!"

"பூட்டினே. நல்லாத்தான் பூட்டினே. எதோட பூட்டினேன்னு பாத்தியா? அடுத்த சைக்கிளோட பூட்டியிருக்கே, தாயி! அந்தச் சைக்கிளுக்குச் சொந்தக்கார அம்மா வந்தாங்க. இழுத்துப் பாத்தாங்க. உதைச்சுப் பாத்தாங்க. உன்னைப் பெத்தவங்களைப் பத்தி கொஞ்சம் பேசினாங்க. அப்புறம் தன் சைக்கிளைத் தூக்கி உன் பெட்டிக்குள்ள போட்டு, கன்னுக்குட்டி வாங்கின மாதிரி ஏத்திக்கிட்டு மிதிச்சுப் போயிட்டாங்க. பாதிச் சந்தை கைதட்டுச்சு."

"நீங்க தடுக்கலையா?"

"எதுக்குத் தடுக்கணும்? அவங்க சைக்கிளை அவங்க எடுத்துட்டுப் போறாங்க. உன் வண்டி கூடவே போச்சு."

"ஆள் எப்படி இருந்தாங்க?"

"மஞ்சள் மழைக்கோட்டு. கோட்டுத் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருந்தாங்க." அவர் வானத்தைப் பார்த்தார். "மழைதான் இல்ல."

அந்த நேரம் டியூக்கே வந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் "ஏறு!" என்றாள். கேரியரில் தாவி ஏறினேன். தெற்குப் பக்கமாகப் போனதாக வுப்போ கையைக் காட்டியிருந்தார். டியூக்கே மிதித்த மிதியில் என் பற்கள் ஆடின. அந்தப் பெரிய சந்திப்புக்கு வந்தபோது எதிர்ப்பக்கம் சிவப்பு விளக்கில் பார்த்தேன். நம் ஆரஞ்சு வண்டி! பெட்டிக்குள் ஒரு கறுப்புச் சைக்கிள், முன்சக்கரத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி. பின்னால் மஞ்சள் கோட்டு.

"அதோ! டியூக்கே, அதோ!"

"கத்தாதே, எனக்கும் கண்ணு இருக்கு. பச்சை வரட்டும், பிடிச்சிடறேன்."

பச்சை வந்தது. அங்கே எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும், நாலு பக்கமும் சைக்கிள்களுக்கு ஒரே நேரத்தில் வரும். நாலு பக்கக் கூட்டமும் நடுவே பாய்ந்தது. மெத்தையைத் தலையில் வைத்த மாணவன், முன்னால் ஒன்று பின்னால் இரண்டு பிள்ளைகளோடு ஒரு அம்மா, ஏணி வைத்த பெயிண்டர், நாயோடு ஒரு தாத்தா. பிறந்ததிலிருந்து இந்தச் சந்திப்பைக் கடக்கிறேன். இங்கே யாரும் யார் மேலும் மோதுவதில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். யாரும் யாரையும் பிடிக்கவும் முடியாது என்று இன்றுதான் தெரிந்தது. ஏணி ஒதுங்கியபோது அந்தப் பக்கம் வெறும் தெரு.

"ஏணிதான் காரணம்" என்றாள் டியூக்கே. பிறகு மெதுவாக, "உங்கப்பாகிட்ட எப்பச் சொல்லப் போறே?" என்றாள். அவள் வீட்டில் இல்லாத அந்தக் கொட்டகையை அந்த இடத்தில்தான் கட்டினேன்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டார், "சாவி பத்திரமா?" பத்திரம் என்றேன். அது பொய் இல்லை, அதன் மேல் ஒரு பறவை காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது. லீஸ்பெத் அக்கா நாளைக்குக் காற்றில் கலையாதபடி தலைமுடியை இறுக்கிப் பின்னிப் பார்த்து, கண்ணாடி முன் தலையை ஆட்டி ஆட்டி எனக்குக் காட்டினாள். "நீ எவ்வளவு வேகமா வேணா மிதி" என்றாள். நான் கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகவே மாமா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் விலாங்கு மீன் விற்கும் மூன்று சக்கர வண்டியை நாளைக் காலை எடுத்துக்கொண்டு வாருங்கள். தாய்மாமன் என்ற முறையில் மருமகளை உங்கள் வண்டியில் அனுப்ப வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை என்று சொல்லுங்கள். கண் கொஞ்சம் கலங்கினால் நல்லது. அப்பா மறுக்க மாட்டார், அதிலும் பெட்ரோல் கிடையாது. ஆனால் தயவுசெய்து கழுவுங்கள். சோப்பு போதாது, எலுமிச்சம்பழம் தேயுங்கள், பிறகு திரும்பவும் சோப்பு. அக்காவுக்கு விலாங்கு பிடிக்கும், அதற்காகக் கல்யாணத்தன்று அந்த வாசனையில் உட்கார மாட்டாள். பலகையில் 'புகையூட்டியது' என்று எழுதியிருக்கிறதே, அதை மட்டும் துணியால் மூடிவிடுங்கள். நாமக்கோழி எழுந்து போனால் சாவியைப் பாருங்கள், எழுந்து போகாவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்கும் குடும்பம் இருக்கிறது.

உங்கள் படகில் பூசிய தார் காய நல்ல வெயிலும், உங்கள் இடுப்புக்கு நல்ல சுகமும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பக்கத்துப் படகுக்காரருக்கும் என் வணக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். அவருக்கும் இதைக் காட்டாதீர்கள்.

என்றும் தங்கள் அன்புள்ள அக்கா மகள்,
ஃபென்னா

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியிருப்பது எதையும் செய்யாதீர்கள்! வண்டி வந்துவிட்டது! மடித்துக்கொண்டிருக்கும்போது கீழே சந்தில் கிறீச் என்று கேட்டது. நம் வண்டியின் கிறீச், வேறு எதற்கும் அப்படி வராது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மஞ்சள் கோட்டு! விளக்கு இல்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, பெட்டியில் அதே சைக்கிள். அப்பா இரவு உடுப்போடு கதவைத் திறந்தார். கோட்டுத் தொப்பியை விலக்கினால், சத்தியமாகச் சொல்கிறேன், கொர்ரி அம்மா!

காதில் விழுவதை அப்படியே எழுதுகிறேன்.

"சம்பந்தி! நீங்களா? இந்த நேரத்துல?"

"மெதுவாப் பேசுங்க! உங்க வண்டி என் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. அடியில அஞ்சல் எண்ணும் வீட்டு எண்ணும் பொறிச்சிருக்கேன்னு டார்ச் அடிச்சுப் பாத்தா, உங்க வீடு! விட்டுட்டு ஓடிடலாம்னு வந்தேன். என் சைக்கிளை விட்டுட்டு எப்படி ஓடறது?"

"உங்க சைக்கிளா? உங்களுக்குச் சைக்கிள் இருக்கா?"

கொர்ரி அம்மா சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு: "காரை ஊர் எல்லையில விட்டுட்டு இதுலதான் உள்ள வருவேன். வருஷக்கணக்கா. உங்க வீட்டுக்கு வந்தேனே, அன்னிக்குத்தான் முதல் தடவையா இந்த ஊருக்குள்ள காரைக் கொண்டு வந்தேன். யார்கிட்டயாவது சொன்னீங்கன்னா..."

அப்பா சிரிக்கிறார். அம்மா எழுந்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். நான் தப்பித்தேன் என்று எழுத வந்தேன், அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இருங்க. இது டியூக்கே வீட்டுக் கொட்டகையில இல்ல இருக்கணும்?"

"மீன் சந்தையில நின்னுது."

"அப்ப எவனோ திருடிட்டுப் போயிருக்கான்! திருடின களவாணிதான் உங்க சைக்கிளோட சேர்த்துப் பூட்டியிருக்கான். எங்க ஃபென்னா இப்படிப் பூட்ட மாட்டா. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கேன். போலீசுக்குச் சொல்லிடுவோம்."

"போலீசா? வேண்டவே வேண்டாம்! எந்தச் சைக்கிள்னு கேப்பாங்க!"

"சரி, விடுங்க. சாவி எம் பொண்ணுகிட்ட பத்திரமா இருக்கு. ஒரு நிமிஷத்துல உங்க சைக்கிளை விடுவிச்சிடறேன். இங்கேயே நில்லுங்க."

மாமா, விலாங்கு வண்டி வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம். இதைப் படித்த உடனே உங்கள் கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லை, வராதீர்கள், நீங்கள் வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார். திருடன் என்றே இருக்கட்டுமா? திருடன் சாவியையும் எடுத்துக்கொண்டான் என்று சொல்லிவிட்டால் நாளை நான்தான் மிதிப்பேன், அக்கா பின்னலோடு உட்கார்ந்திருப்பாள், யாருக்கும் எதுவும் தெரியாது.

படி ஏறுகிறார். சரியில்லாத அந்த முழங்காலோடு, ஒவ்வொரு படியாக. கோபமாக ஏறி வந்தால் போர்வைக்குள் ஒளிந்துகொள்வேன். நம்பிக்கொண்டே ஏறி வருகிறார், மாமா, அதற்கு எங்கே போய் ஒளிவது?

தட்டுகிறார்.

"ஃபென்னா கண்ணு, தூங்கிட்டியா? நீ எழுந்துக்க வேண்டாம்மா. சாவியை மட்டும் கதவுக்கடியில தள்ளிடு."

மாமா, நான் எழுந்து கதவைத் திறக்கப் போகிறேன். சாவி எங்கே என்று நானே சொல்லிவிடுகிறேன்.